இரண்டு கடித உறைகள்: ‘இன்சென்டீஸ்’

“பிள்ளைகள் எத்தனை பேர்?”

கொழும்பு புதுக்கடையில், உறுதியும் மரணசாசனமும் எழுதிக் கொடுக்கிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். மரணசாசனம், அதாவது உயில், எழுத வருகிறவர்களிடம் நொத்தாரிசு சேர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் போல இதற்கும் பதில் உடனே வந்துவிடும். ஒருமுறை ஒரு முதியவர் “இரண்டு” என்றார். நானும் இரண்டு என்று அடித்தேன். மேசைக் கண்ணாடிக்குக் கீழே சேர் வைத்திருந்த பழைய கலண்டரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “தங்கச்சி, அதை மூன்று எண்டு மாத்துங்கோ” என்றார். சேர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை என்பது கேட்கும்போதே தெரிந்தது.

அப்படியொரு மூன்றாவது பெயர் இருப்பதே தெரியாமல் வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் கதைதான் ‘இன்சென்டீஸ்’. 2010இல் வந்த கனடாப் படம். பேசுவது பிரெஞ்சும் அரபும். பெயருக்குப் பெருந்தீகள் என்று பொருள். மொன்றியலில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் லீவில் வந்தபோது டிவிடியைக் கொண்டுவந்து, “அக்கா, இது உங்கட வேலை பற்றின படம்” என்று தந்துவிட்டுப் போனான். அவன் சொன்னதன் அர்த்தம் முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கியது.

நவால் மர்வான் என்ற அம்மா இறந்துவிட்டார். இரட்டைப் பிள்ளைகள் ஜானும் சிமோனும் மொன்றியலில் நொத்தாரிசு லெபெலின் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நவால் அதே நொத்தாரிசிடம் செயலாளராக வேலை செய்தவர். மரணசாசனம் வாசிக்கப்படுகிறது. என்னைப் பெட்டியில்லாமல், உடையில்லாமல், முகம் மண்ணைப் பார்க்கப் புதையுங்கள். கல் வைக்க வேண்டாம், வாக்கைக் காப்பாற்றாதவளுக்குக் கல் எதற்கு என்று எழுதியிருக்கிறார். அப்புறம் நொத்தாரிசு இரண்டு உறைகளை எடுத்து நீட்டுகிறார். ஒன்று தகப்பனுக்கு, அவர் எப்போதோ செத்துப்போனார் என்று பிள்ளைகள் நம்பியிருந்தவர். மற்றது அண்ணனுக்கு; அப்படி ஒருவன் இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். இரண்டும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மாவின் குழிக்குக் கல் வைக்கலாம்.

எங்கள் இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணசாசனத்துக்கு ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். நான் தட்டச்சு செய்ததெல்லாம் பெரும்பாலும் காணி, வீடு, நகை, முதுசம், சீதனம். ‘இந்த வேலையைச் செய்து முடி’ என்று பிள்ளைகளுக்கு எழுதி வைத்த மரணசாசனம் ஒன்றும் என் கையால் போனதில்லை. ஆனால் அப்படி எழுதக்கூடியவள் என்னைப்போல வருடக்கணக்காக அடுத்தவர்களின் கடைசிச் சொற்களை அடித்துக் கொடுத்த ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்பதை உடனே நம்பினேன். வாயால் சொல்ல முடியாததைக் காகிதம் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

குடும்ப ரகசியத்தைத் துப்புத் துலக்குகிற கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன், படங்களும் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் மறைப்பார்கள், பிள்ளைகள் தோண்டுவார்கள். பூட்டிய அறை, பழைய டிரங்குப் பெட்டி, வாயைத் திறக்காத வேலைக்காரம்மா. தோண்டுவது ஏதோ குற்றம்போல நமக்கும் நெஞ்சு அடிக்கும். இந்தப் படத்தில் மறைத்தவளே தோண்டச் சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது பிள்ளைகளைக் கட்டியணைக்கத் தெரியாத அம்மா, செத்த பிறகு அவர்களைத் தன் பிறந்த நாட்டுக்கு அனுப்புகிறாள். அதனால் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் இரண்டு பயம் வருகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அது இருக்கிறது என்று தெரிந்தும் இந்த அம்மா ஏன் பிள்ளைகளை அனுப்பினாள் என்பது மற்றது. கடைசிவரை என்னைக் கதிரையில் இருத்தி வைத்தது இந்த இரண்டாவது பயம்தான்.

இயக்குநர் டெனி வில்னேவ். பிறகு ஹொலிவூட்டில் பெரிய படங்கள் எடுத்தவர். மூலம் லெபனானில் பிறந்து கியூபெக்கில் குடியேறிய வஜ்டி முவாவாட் எழுதிய மேடை நாடகம். படம் நாட்டின் பெயரைச் சொல்வதே இல்லை. ஊர்ப் பெயர்கள் கற்பனை, படம்பிடித்தது ஜோர்தானில். ஆனால் 1975 முதல் 1990 வரை நடந்த லெபனான் யுத்தத்தின் நிழல்தான் இது என்பது தெளிவு. சிறைப் பகுதிக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருக்கிறார். சுஹா பெஷாரா என்ற அவர் தென் லெபனானின் கியாம் சிறையில் 1988 முதல் 1998 வரை பத்து வருடம் கிடந்தவர். படம் முடிந்த பிறகு அவரைப் பற்றித் தேடி வாசியுங்கள், முதலே வாசித்தால் கதை கொஞ்சம் கசிந்துவிடும்.

கதை இரண்டு காலத்தில் ஓடுகிறது. மகள் அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டிக் காட்டி ஊர் ஊராகப் போகிறாள். அதே பாதையில் பல வருடத்துக்கு முன்னால் அம்மா நடக்கிறாள். இருவரும் பார்வைக்கு ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் சில இடங்களில் யார் யாரென்று ஒரு கணம் தடுமாறும். சிவப்புக் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ திரை முழுக்க வரும், அதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஜான் அம்மாவின் கிராமத்துக்கு வந்து சேர்கிறாள். ஒரு வீட்டில் பெண்கள் கூடியிருந்து அவளை வரவேற்று, தேநீர் கொடுத்து, சிரிக்கிறார்கள். அவளுக்கு அரபு தெரியாது. ஒரு பெண் பாதி பாதியாக மொழிபெயர்க்கிறாள். அம்மாவின் பெயரைச் சொன்னதும் அறை மாறிவிடுகிறது. யாரும் எழும்பி அடிக்கவில்லை, கத்தவுமில்லை. சிரிப்பு மட்டும் ஒவ்வொரு முகமாக அணைகிறது. ஒரு கிழவி ஏதோ நீளமாகச் சொல்ல, மொழிபெயர்ப்பு ஒற்றை வரியில் வருகிறது: தகப்பனைத் தேடுகிறாய், உன் தாய் யாரென்றே உனக்குத் தெரியாதே. தன் அம்மாவைப் பற்றி எல்லோரும் தன் முன்னாலேயே பேசுகிறார்கள், அவளுக்கு மட்டும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு என் சின்னம்மாவின் பேரப்பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. நாளைக்கு அம்மம்மாவின் ஊருக்குப் போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் அவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி பஸ் காட்சி. நவால் பிறப்பால் கிறிஸ்தவள். முஸ்லிம்கள் போகிற பஸ்ஸில் ஏறுவதற்காகக் கழுத்துச் சிலுவையைக் கழற்றி ஒளித்து, தலையில் சால்வை போட்டுக்கொள்கிறாள். வழியில் கிறிஸ்தவ ஆயுதக்காரர்கள் மறிக்கிறார்கள். ஒளித்த சிலுவையை அவள் திரும்ப வெளியே எடுக்க வேண்டி வருகிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆங்கில எழுத்தை வாசித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை மறித்ததும் அம்மா, “நிப்பாட்டு பிள்ளை” என்றார். குசினிக்குள் போய், கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினார். நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து, மா அரித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். 1983 ஜூலை. அம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போன இடத்தில், தமிழருக்கு எதிராகக் கலவரம் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காலி வீதியில் பஸ்ஸை மறித்தார்கள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒன்றும் பேசாமல் அம்மாவின் நெற்றியைக் காட்டினாளாம். அம்மா சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தார். அந்தப் பெண் தன் மடியில் தூங்கிய குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். ஏறினவர்கள் சிலரிடம் ‘பால்திய’ சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம், வாளிக்குச் சிங்களச் சொல். நாக்கு எங்கே இடறுகிறது என்று பார்ப்பதற்கு. குழந்தையை வைத்திருந்த அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது மாப்பிடித்த விரலால் நெற்றியைத் தொட்டார், அங்கே கொஞ்சம் மா ஒட்டியிருந்தது. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. இந்தக் கதையை அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது.

“சரி, மிச்சத்தையும் போடு” என்றார் அன்றிரவு. பார்த்து முடித்தோம்.

நவாலாக நடித்த லுப்னா அசபல் பெல்ஜிய நடிகை. இளம்பெண்ணிலிருந்து தளர்ந்த வயதுவரை அவரே வருகிறார். ஒப்பனையைவிடத் தோள்தான் வயதைக் காட்டுகிறது. மொன்றியலில் ஒரு நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் அவர் எதையோ கண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அந்த முகத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

குறைகள் இருக்கின்றன. கதை முடிந்து விரல் விட்டு வயதுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு லேசில் ஒத்துவராது. முக்கியமான முடிச்சு ஒன்று பெரிய தற்செயலில் தொங்குகிறது. நாடக மேடையில் அது விதி மாதிரித் தோன்றியிருக்கும். திரையில் எல்லாம் இவ்வளவு நிஜமாக இருக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. சிமோனுக்கு முதல் பாதியில் கோபப்படுவதைத் தவிர வேலையில்லை. ஆனாலும் முடிவு வந்து விழும்போது இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன்.

என் தொழிலுக்காக ஒரு வார்த்தை. இந்தப் படத்தில் இரண்டு நொத்தாரிசுகள் வருகிறார்கள், ஒருவர் கனடாவில், மற்றவர் அந்த நாட்டில். இருவருமே நல்லவர்கள், பொறுமைசாலிகள். கொடுத்த வாக்கைத் தங்கள் உயிரைப்போலக் காக்கிறார்கள். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கிற ஒரு கூண்டு இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு முகம் கறுத்து எழும்பிப் போன பிள்ளைகளை அலுவலகத்தில் கண்டிருக்கிறேன். காகிதத்தில் இருப்பதை ஒருவரிடம் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று லெபெல் நினைக்கிறார், அதனால் சிமோனோடு அவரும் அந்த நாட்டுக்குப் போகிறார். சேரிடம் இதைச் சொன்னேன். டிவிடியைத் தரச் சொல்லி வாங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் பழைய அலுமாரியைத் திறந்து, உரியவரிடம் போய்ச் சேராமல் கிடந்த உறைகள் எத்தனை என்று என்னை எண்ணச் சொன்னார். நான்கு இருந்தன. இப்போது அவற்றின் முகவரிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடவே ஓடும். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். வீட்டில் 83ஐக் கண்டவர்கள் இருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். டிவிடி இப்போது கீழ்மாடி அக்காவிடம் இருக்கிறது. அவருடைய மாமியாரும் கூட இருந்து பார்ப்பார் என்றதால், பஸ் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு துண்டில் எழுதி, உறைக்குள் வைத்துக் கொடுத்தேன்.