40 ரூபாய் சார்ஜிங் போர்டும் கேத்தி பனியும்

அக்கா மகனுக்கு ஒரு கையடக்க கேம் செட் செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, பழைய கேம்களை அதில் ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள், சின்னத் திரை, பழைய பொம்மையில் பிடுங்கிய பட்டன்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஓடிவிட்டன. இரண்டு மாதம் இழுத்தடித்தது பேட்டரிதான். அதை சார்ஜ் செய்ய வாங்கிய டிபி4056 போர்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீலகிரி கேத்தியில் தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் நான். 440 வோல்ட்டோடு பழகியவனுக்கு 4 வோல்ட் எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு.

ஆன்லைனில் பத்து போர்டு வாங்கினேன், ஒன்று 40 ரூபாய்க்குள். ஒயர் பற்றவைக்க படத்தில் ஆறு ஓட்டை, வந்ததில் நாலு. கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்றில்லை. நாலு ஓட்டை போர்டு சார்ஜ் மட்டும்தான் செய்யும். ஆறு ஓட்டை போர்டில் டிடபிள்யூ01, 8205 என்று இரண்டு சிப்கள் கூடுதலாக இருக்கும். பேட்டரி 4.3 வோல்ட் தாண்டினாலோ, 2.4-க்குக் கீழே போனாலோ, ஒயர்கள் ஒட்டிக்கொண்டாலோ அவைதான் இணைப்பைத் துண்டிக்கும். கோயம்புத்தூர் போனபோது ஓட்டையை எண்ணிப் பார்த்து வேறு வாங்கி வந்தேன்.

அடுத்த தப்பு என்னுடையது. செட் மெலிதாக இருக்கட்டும் என்று 600 எம்ஏஎச் தட்டை பேட்டரி போட்டேன். இந்த போர்டு வரும்போதே சார்ஜ் கரன்டை 1 ஆம்பியருக்கு வைத்து வரும். அதில் '122' என்று எழுதிய பொடி ரெசிஸ்டர், அதாவது 1.2 கிலோ ஓம், அதைத் தீர்மானிக்கிறது. 600-க்கு 300 மில்லி ஆம்பியர் போதும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4 கிலோ ஓம் வைத்தால் சரியாக வரும். நான் மாற்றவில்லை. மூன்றாவது வாரம் செட்டின் பின்மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. குத்திவிடாமல் கழற்றி, ஃபேக்டரியில் தீயணைக்க வைத்திருக்கும் வாளி மணலுக்குள் புதைத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தூக்கமில்லை.

இப்போது இருப்பது 2600 எம்ஏஎச் 18650, அதாவது உருளை வடிவ லித்தியம் பேட்டரி. தகடு வெல்டிங் செய்தே வாங்கினேன், பேட்டரி மேல் நேராக சால்டரிங் வைக்கக் கூடாது. '9900' என்று அச்சடித்து விற்பதைத் தொடாதீர்கள், 18650 அளவில் அவ்வளவு கொள்ளவே கொள்ளாது. இதற்கு 1 ஆம்பியர் தாராளமாகத் தாங்கும். ஆனால் போர்டு சூடாகிறது. 5 வோல்ட்டுக்கும் பேட்டரி வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சூடாக்கித்தான் இந்த சிப் கழிக்கும், பேட்டரி காலியாக இருக்கும்போது கிட்டத்தட்ட 2 வாட். முதலில் இதை பேட்டரி முதுகிலேயே டபுள் டேப்பில் ஒட்டியிருந்தேன், என்ன புத்தியோ! இப்போது மறுமூலையில், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

பெரிய குறை வேறு. பேட்டரிக்குள் போகும் கரன்ட் பத்தில் ஒரு பங்காக, அதாவது 100 மில்லி ஆம்பியராகக் குறைந்தால்தான் "நிறைந்தது" என்று இந்த சிப் நிறுத்தும். செட் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அதே ஒயரில்தான் உறிஞ்சும். கரன்ட் குறையவே குறையாது. "மாமா, நீல லைட் வரவே இல்லை" என்று பையன் சொன்னபோது மீட்டர் 4.2 காட்டியது, லைட் மட்டும் சிவப்பு. ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது. மாஸ்ஃபெட், டயோடு என்ற சின்ன பாகங்களைப் போட்டு பேட்டரிக்குப் போகும் கரன்டையும் செட்டுக்குப் போவதையும் பிரிக்கலாம். நான் ஃபேக்டரி பேனலைக் காப்பியடித்தேன். அங்கே கைப்பிடி ஆஃபில் இருந்தால்தான் கதவு திறக்கும். அதே மாதிரி பவர் ஸ்விட்ச் குமிழில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டினேன். ஆன் செய்தால் பட்டை சார்ஜர் துளையை மூடிக்கொள்ளும், ஒயரைச் சொருகியிருந்தால் ஸ்விட்ச் நகராது. பையனுக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

அப்புறம் நம்ம ஊர்ப் பனி. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் எலக்ட்ரோடு மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரி நிரந்தரமாகக் கெடும், உள்ளுக்குள் ஷார்ட்டும் ஆகலாம். சூடு குளிர் பார்க்க இந்த சிப்பில் ஒரு கால் உண்டு, போர்டில் அதை கிரவுண்டோடு சேர்த்துவிடுகிறார்கள், அதனால் அது வேலை செய்யாது. ஜனவரியில் ஒரு நாள் பையன் செட்டை ஸ்கூட்டர் டிக்கியில் விட்டுவிட்டான். விடியும்போது சீட் மேல் வெள்ளையாக உறைபனி. எடுத்து வந்ததும் சார்ஜரைத் தேடினான். சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு, செட்டை ஸ்வெட்டருக்குள் ஒரு மணி நேரம் வைத்திரு என்றேன்.

இந்த போர்டுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். சார்ஜ் ஏறுவது சமையலறைக் கடப்பாக்கல் மேல், யாராவது விழித்திருக்கும்போது மட்டும். மரக்கட்டிலிலும் ரஜாய்க்குள்ளும் கூடாது என்று அக்காவே சட்டம் போட்டுவிட்டாள். அந்த நாலு ஓட்டை போர்டுகள் பத்தும் டப்பாவில் கிடக்கின்றன. பாதுகாப்பு சர்க்யூட் ஏற்கனவே ஒட்டிய பேட்டரி கிடைத்தால் அவற்றை வெளியே எடுப்பேன்.