கட்டடக் கலை நிறுவனத்தின் முழுச் சேவை: குடியேறிய பிறகு தெரியும் கணக்கு

கோடை, மழை இரண்டையும் குறைந்தது இரண்டு சுற்றாவது பார்த்த கட்டடத்தை வைத்துத்தான் ஆர்க்கிடெக்ட்டின் வேலையை எடைபோட முடியும். திறப்பு விழா அன்று எல்லாக் கட்டடமும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டில் கதவடியில் தண்ணீர் வரும்போதோ, சீலிங்குக்கு மேலே ஒரு வால்வை எட்ட முடியாமல் பலகையை அறுக்கும்போதோதான் எந்தக் கட்டத்தில் யார் கண்ணயர்ந்தார்கள் என்பது தெரியவரும். அப்படிப் பின்னோக்கிப் பார்த்தால் பழுதுகளில் பெரும்பாலானவை சைட்டில் பிறந்தவை அல்ல, காகிதத்தில் பிறந்தவை.

முழுச் சேவை என்று ஒப்பந்தத்தில் எழுதுவது எதை? பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கமான ரிபாவின் 2020ஆம் ஆண்டுத் திட்டம் வேலையை 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. தேவையை வரையறுப்பதில் தொடங்கி, கட்டடம் புழக்கத்தில் இருக்கும் காலம் வரை அது நீள்கிறது. அமெரிக்க வழக்கத்தில் ஐந்து கட்டம்: கருத்து வடிவம், விரிவாக்கம், வேலை வரைபடங்கள், டெண்டர், கட்டுமானக் கண்காணிப்பு. கட்டணத்தை இவற்றுக்கு 15, 20, 40, 5, 20 சதவீதம் எனப் பங்கிடுவது பழைய வழக்கம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனாலும் அந்த எண்கள் ஒன்றைச் சொல்லிவிடுகின்றன. நாம் மயங்கிக் கையெழுத்திடும் படம் 15-க்குள் அடங்கிவிடுகிறது. யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத வேலை வரைபடக் கட்டுதான் 40. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது கடைசி 20-இல். அதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம்.

முதல் தவறு தேவைப் பட்டியலிலேயே நடக்கிறது. அறைகளின் பரப்பை எல்லாம் கூட்டி 1000 சதுர மீட்டர் என்று வருகிறது; அதை வைத்தே பட்ஜெட் போடப்படுகிறது. சுவர், நடைவழி, படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, குழாய் ஏறும் ஷாஃப்ட், மின்சார அறை எல்லாம் சேரும்போது மொத்தப் பரப்பு 1300, 1400 ஆகிவிடும். முதல் பிளான் வந்தவுடன் 'ஆர்க்கிடெக்ட் பெரிதாக்கிவிட்டார்' என்ற சண்டை தொடங்குவது இங்கேதான். நல்ல நிறுவனம் வரையத் தொடங்கும் முன்பே உள்பரப்பு, மொத்தப் பரப்பு இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகக் காட்டும். பட்டியலில் பரப்போடு சேர்த்து ஆள் எண்ணிக்கை, எந்த அறை எதற்கு அடுத்து, எந்தக் கருவி எவ்வளவு எடை, அது எந்த வழியாக உள்ளே போகும் என்பதும் இருக்க வேண்டும். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன் (சுமார் 250 முதல் 400 கிலோ எடை) சுமைக்கு வடிவமைக்கப்படும். தண்டவாளத்தில் நகரும் கோப்பு அலமாரிகளுக்கு அதுபோல் இரண்டு மடங்கு கூடத் தேவைப்படலாம். தளம் போட்ட பிறகு 'இங்கே ரெக்கார்ட் ரூம் வைக்கலாம்' என்றால் வைக்க முடியாது.

மண் பரிசோதனையும் நில அளவையும் வாடிக்கையாளர் பொறுப்பு. அவைதான் எப்போதும் தாமதமாகும். ஒவ்வொரு 1.5 மீட்டர் ஆழத்திலும் மண்ணின் உறுதியைப் பார்த்த துளை அறிக்கை கைக்கு வராமல் போடப்படும் அஸ்திவாரச் செலவு வெறும் ஊகம். மதிப்பீட்டில் அந்த வரிக்கு எதிரே 'ஊகம்' என்று எழுதித் தரும் நிறுவனத்தை நம்பலாம்.

கருத்து வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினியில் வரைந்த ரெண்டர் படத்தில் எப்போதும் மாலை வெயில்தான். ஏசியின் வெளி யூனிட் எந்தப் படத்திலும் கிடையாது. அது எங்கே உட்காரப் போகிறது, அதன் தண்ணீர் எங்கே வடியும் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் ஆறு மாதத்தில் முகப்புச் சுவரில் கறுப்புக் கோடு இறங்கும். அதோடு கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுத் தோற்றம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளத்தில் வாகன நிறுத்தம் இருந்தால் தூண் இடைவெளியையும் பாருங்கள். 2.5 மீட்டர் அகலத்தில் மூன்று கார் நிற்கத் தூண்களுக்கு இடையே 7.5 மீட்டர் காலியாக வேண்டும். தூண் கனத்தையும் சேர்த்தால் மையத்துக்கு மையம் 8.1 முதல் 8.4 மீட்டர். மேல்தள அறைகளுக்கு வசதியாக 7.2 என்று வைத்துவிட்டால் இரண்டு கார்தான் நிற்கும். மீதி இடம் கட்டடம் இருக்கும்வரை வீண்.

உண்மையான வேலை விரிவாக்கக் கட்டத்தில்தான் இருக்கிறது. தளத்துக்குத் தளம் 3600 மில்லிமீட்டர் என்றால் கேட்க நிறைய உயரம்போல் இருக்கும். கழித்துப் பாருங்கள். தரைப் பூச்சு 75, தளத்தோடு சேர்ந்த பீம் 600, காப்புறை சுற்றிய ஏசி டக்ட் (காற்றுக் குழாய்) 400, விளக்குக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் 150, சீலிங் பலகையும் சட்டமும் 25. மிச்சம் 2350. படத்தில் 2700 காட்டியிருப்பார்கள். இது சைட்டில் தெரியவந்தால் மூன்றே வழி: டக்ட்டைத் தட்டையாக்குவது (காற்றின் வேகம் கூடி இரைச்சல் வரும்), பீமில் துளை போடுவது (ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் காங்கிரீட்டுக்கு முன்பே கணக்கிட்டிருந்தால் மட்டும்), சீலிங்கை இறக்குவது. கடைசியில் நடப்பது மூன்றாவதுதான். காகிதத்தில் பிடிபட்டிருந்தால் டக்ட் பாதையைப் பீமுக்கு இணையாகத் திருப்பியே சரிசெய்திருக்கலாம்.

கழிவுநீர்க் குழாய் இன்னும் பொல்லாதது. மின்கம்பி வளையும், தண்ணீர்க் குழாய் ஏறி இறங்கும். கழிவுக் குழாய்க்குச் சரிவு கட்டாயம். 1:60 சரிவில் 12 மீட்டர் ஓடினால் 200 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். நேராகப் போய் பீமில் முட்டும். கழிப்பறையும் ஷாஃப்ட்டும் பிளானில் பிரிந்து கிடந்தால் இந்தத் தலைவலி நிச்சயம்.

கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாகக் காட்டும் பிம் மென்பொருளில் எல்லாம் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. குழாயும் பீமும் இடித்துக்கொள்ளும் இடங்களைச் சொல்லும் மோதல் அறிக்கை ஆயிரக்கணக்கில் வரும், பெரும்பகுதி அற்பம். யார் வாரந்தோறும் உட்கார்ந்து தீர்க்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்பதுதான் கேள்வி. டக்ட்டின் காப்புறைக் கனத்தை மாதிரியில் சேர்க்காவிட்டால் 50 மில்லிமீட்டர் மோதல் கண்ணில் படாது. வால்வுக்கு அருகே ஆள் கை நீட்டத் தேவையான வெற்றிடத்தை ஒரு பெட்டியாக வரைந்து வைக்காவிட்டால், அங்கே வேறு குழாய் போனாலும் மென்பொருள் 'மோதல் இல்லை' என்றே சொல்லும். பராமரிப்புப் பணியாளர்கள் பிற்பாடு சலித்துக்கொள்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

வேலை வரைபடங்களில் 1:100 அளவுகோலில் வரைந்த பிளான்களை எல்லாரும் பார்க்கிறார்கள். கட்டடத்தின் ஆயுள் இருப்பது 1:10, 1:5 விவரப் படங்களில். மொட்டை மாடிக் கதவை எடுத்துக்கொள்வோம். மழைநீர் வெளியேறும் வாய் கதவிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. சரிவு 1:80 வேண்டும். 1:100 வைத்தால் தளத்தின் சிறு தொய்வே அதை விழுங்கிவிடும். வாயருகே பூச்சு 40 மில்லிமீட்டர், கதவருகே சரிவால் கூடுவது 125, வெப்பக் காப்பு 50, ஓடும் அதன் படுக்கையும் 35. ஆக 250. ஓடு பதித்து முடிந்த மட்டத்துக்கு மேலே நீர்க்காப்பு 150 ஏறி நிற்க வேண்டும் என்பதால் 400. உள்ளே தரைப் பூச்சு 75தான். எனவே வெளித்தளம் 325 மில்லிமீட்டர் இறக்கிப் போடப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கதவுக்கு உயரமான வாசற்படி வேண்டும். இறக்கும் முடிவு சென்ட்ரிங் அடிக்கும் முன் எடுக்க வேண்டியது. இரண்டும் இல்லாமல் கட்டிவிட்டு, கசிவு வந்ததும் நீர்க்காப்புப் பொருளைத் திட்டிப் பயனில்லை. வாயை 5 மீட்டருக்குள் கொண்டுவந்தாலே 60 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம். வாய் ஒன்று போதாது. ஒன்று அடைத்தால் இன்னொன்று, அதற்கும் மேல் கைப்பிடிச் சுவரில் ஒரு வழிதுளை.

இன்னும் சின்ன விஷயம்: ஜன்னலின் அடித்திட்டும் சன்ஷேடும் வெளிநீட்டும் இடத்தில், தண்ணீர் சுவருக்கு வராமல் சொட்டி விழ அடிப்பக்கம் 10 மில்லிமீட்டர் சொட்டுக் காடி. அதற்குச் செலவே கிடையாது. அது இல்லாத முகப்பு இரண்டே மழையில் அழுத முகமாகிவிடும்.

டெண்டரில் குறைந்த தொகை கேட்டவரின் பட்டியலில் எந்த வரி காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'அல்லது அதற்குச் சமமானது' என்ற சொற்களைச் சமம் எது என்று வரையறுக்காமல் விட்டால், அதன் பொருளை ஒப்பந்தக்காரர்தான் எழுதுவார்.

வரைபடம் முடியாமல் சைட்டில் இறங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சிட்னி ஓப்பரா ஹவுஸ் அப்படித் தொடங்கியதுதான். 1959இல் பணி தொடங்கியபோது சிப்பிபோன்ற கூரை வளைவுகளின் வடிவக் கணக்கே முடிந்திருக்கவில்லை. பிறகு அந்தக் கூரையைத் தாங்க வலுப் போதாமல், அடிமேடையில் ஏற்கெனவே எழுப்பிய தூண்களை மீண்டும் கட்ட நேர்ந்தது. தொடக்க மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973இல் திறந்தபோது 10.2 கோடி. அது உலக அதிசயமானதால் மன்னிக்கப்பட்டது. சாதாரண அலுவலகக் கட்டடத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

கண்காணிப்புக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட் செய்யும் முக்கிய வேலை சைட்டில் சுற்றிவருவதல்ல, ஷாப் டிராயிங்கைப் படிப்பது. கதவு, கண்ணாடி, இரும்பு வேலை செய்பவர்கள் தாங்கள் செய்யப்போவதைத் தாங்களே வரைந்து அனுப்புவார்கள். வடிவமைப்பு சத்தமில்லாமல் மாறும் இடம் அதுதான். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் தொங்கு நடைபாதைகள் இரண்டும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்கு எளிதென்று அது இரண்டு துண்டுக் கம்பிகளாக மாறியது. அதனால் கீழ்ப் பாதையின் எடையும் மேல் பாதையின் பீமிலேயே தொங்கி, அங்குள்ள இணைப்பின் மேல் சுமை இரட்டிப்பானது. யாரும் மறுபடி கணக்கிடவில்லை. ஒப்புதல் முத்திரை விழுந்தது. 1981 ஜூலை 17 அன்று அது இடிந்து 114 பேர் இறந்தார்கள். 'பார்க்கப்பட்டது' என்ற முத்திரைக்குப் பின்னால் என்ன பார்க்கப்பட்டது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

சைட் வருகை எத்தனை முறை என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது, எந்தெந்த நேரத்தில் என்றும் எழுத வேண்டும். கம்பி கட்டி முடித்து காங்கிரீட் ஊற்றும் முன், நீர்க்காப்பின் மேல் தண்ணீர் தேக்கிய அன்று, சீலிங் மூடும் முன். இந்த மூன்றும் தவறினால் மற்ற இருபது வருகைகளும் மரியாதைக்கு வந்ததுதான். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இடையே இருக்கிறதா என்பதை ஊற்றிய பிறகு பார்க்க வழியில்லை. காங்கிரீட் கட்டியை நசுக்கி வலுவைப் பார்க்கும் கியூப் சோதனையின் இறுதி முடிவு 28 நாளில்தான் வரும்; அதற்குள் மேல்தளம் எழுந்திருக்கும். ஆகவே 7ஆம் நாள் முடிவு எதிர்பார்த்த வலுவில் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்டியதா என்று அன்றைக்கே படிக்க ஆள் வேண்டும். கோப்பில் செருகி வைக்கும் சோதனையால் எதுவும் தாங்காது.

மாற்றங்கள் வரத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் செலவு, நாள் இரண்டையும் எழுதிக் கையெழுத்தான பிறகே வேலை தொடங்க வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்ன சுவர்தான் இறுதிக் கணக்கில் வழக்காக வந்து நிற்கும்.

நிறுவனங்களின் சேவை பொதுவாகத் தளர்வது ஒப்படைப்பில். ஆட்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். குறைப் பட்டியலில் பெயின்ட் திட்டு நூறு வரி இருக்கும். வெயில் காலத்தில் ஏசியைச் சோதிக்கவே இல்லை என்பது ஒரு வரிகூட இருக்காது. குளிர்ந்த மாதத்தில் ஒப்படைத்தால் முழுச் சுமைச் சோதனையைக் கோடையில் மறுபடி செய்வதாக எழுதி வாங்க வேண்டும். கட்டியபடியான வரைபடம் என்ற பெயரில் டெண்டர் படத்தையே தேதி மாற்றித் தருவது பரவலான வழக்கம். அதைச் சோதிக்கச் சுலபமான வழி: சீலிங் மூடும் முன் எடுத்த புகைப்படங்களோடு ஏதாவது இரண்டு அறைகளை ஒப்பிடுங்கள். புகைப்படங்கள் இல்லையென்றால் அதுவே பதில். எல்லா வகை ஓட்டிலும் 3 சதவீதமாவது உபரியாக வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் அதே நிறம் கிடைக்காது.

ஒப்பந்தக்காரரின் பில்லில் நிறுத்திவைக்கும் பிடித்தம் வழக்கமாக 5 சதவீதம். பாதி ஒப்படைப்பில் விடுவிக்கப்படும். மீதி குறைதீர்க்கும் காலம் முடிந்ததும். அந்தக் காலம் 12 மாதம் என்றால் ஆர்க்கிடெக்ட்டை 11ஆம் மாதத்தில் வரவழைப்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பெரிய கூடத்தின் ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். வெற்றொலி கேட்டால் ஓடு படுக்கையை விட்டுவிட்டது, ஓடு விரிய இடம் தரும் விரிவு இணைப்பு விடாமல் ஒட்டிய இடத்தில் அது ஒருநாள் கூரைபோல் எழும்பும். வெளிப்புறக் கண்ணாடி ஓரத்து சீலன்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மொட்டை மாடிக்கு மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால், தேங்கிய இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிடலாம்.