தயார்நிலை ஸ்ட்ரட்டா, தனி ஸ்ட்ரட்டா, காயில்ஓவரா? மாற்று ஷாக் அப்சார்பர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

காரின் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பை வாங்குவது என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காரில் இப்போது இருக்கும் ஸ்பிரிங் அப்படியே தொடரப் போகிறதா, மாறப் போகிறதா? காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அடக்குகிற கருவியை அடக்கப்பட வேண்டிய ஸ்பிரிங்கோடு பொருத்திப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு உயர்ந்த தயாரிப்பாக இருந்தாலும் பயணம் சரிப்பட்டு வராது. கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே செய்திருக்கிறேன்.

ஷாக்கும் ஸ்ட்ரட்டும் ஒன்றல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனி ஷாக் இரு முனைகளிலும் போல்ட்டால் பிடிக்கப்பட்ட ஆட்டத்தை அடக்கும் ஒரு தணிப்பான் மட்டுமே. பல கார்களின் பின்பக்கத்தில், அச்சுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்திற்குள் அதை மாற்றிவிடலாம். எர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்து, 1950-இல் வந்த ஃபோர்டு கான்சல் காரின் வழியாகப் பரவிய ஸ்ட்ரட் அமைப்பிலோ, அந்தத் தணிப்பானே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் ஸ்டீயரிங் திரும்பும்போது சுழலும் அச்சாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் சாய்வுக் கோணம் மாறும். சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் தவிர்க்க முடியாத செலவாகிவிடும்.

ஸ்ட்ரட்டிலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்பிரிங், ஸ்ட்ரட்டின் தலையைக் காரின் உடலோடு இணைக்கும் டாப் மவுண்ட், அதன் பேரிங், தண்டு முழுதாக உள்ளே போய் இடிக்காமல் தடுக்கும் மெத்தென்ற முட்டான பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகிய எல்லாம் பூட்டி, அப்படியே தூக்கி மாட்டும்படி வரும் தயார்நிலை ஸ்ட்ரட் ஒன்று; மன்ரோவின் குவிக்-ஸ்ட்ரட், கேஒய்பியின் ஸ்ட்ரட்-பிளஸ் ஆகியவை இந்த வகை. வெறும் ஸ்ட்ரட்டை மட்டும் வாங்கி, பழைய ஸ்பிரிங்கை அதில் ஏற்றிக்கொள்வது மற்றொன்று. முன்னதன் பெரிய நன்மை, அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைக் கையாள வேண்டிய தேவையே இல்லாமல் போவதுதான். இரண்டு கொக்கிகளை வைத்து முறுக்கி அழுத்திய காயில் ஸ்பிரிங் நழுவினால் எலும்பை முறிக்கும், உயிரையும் பறிக்கும். வீட்டு முற்றத்தில் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இந்த ஒரு காரணமே போதும். குறை என்னவென்றால், ஒரே காரின் பல வகைகளுக்கும் பொதுவாக ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்புவது உண்டு. அதனால் காரின் முன்பக்கம் சில மில்லிமீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கலாம், தொழிற்சாலையில் வந்தபோது இருந்த சொகுசும் சற்று மாறலாம்.

துருவேறாத, உடையாத மூல ஸ்பிரிங் இருந்து, சுவரில் பொருத்திய ஸ்பிரிங் அழுத்தியைக் கொண்ட பணிமனையும் கிடைக்குமானால், நான் தனி ஸ்ட்ரட்டையே தேர்வேன். ஆனால் சிக்கனம் என்று நினைத்துப் பழைய டாப் மவுண்டையும் பேரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் புதிய ஸ்ட்ரட்டில் மறுபடி ஏற்றக் கூடாது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சிக்கிச் சிக்கி விடுபடும் ‘டொய்ங்’ என்ற ஒலி, பெரும்பாலும் அந்தப் பழைய பேரிங்கிலிருந்துதான் வருகிறது. அதற்காக அதே வேலையை இரண்டாம் முறையும் முழுதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த தேர்வு இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா என்பது. இரட்டைக் குழாய் வகையில் உள்குழாய்க்குள் பிஸ்டன் ஓடுகிறது. தண்டு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய், அடியில் உள்ள வால்வு வழியாக வெளிக்குழாய்க்குப் போய்ச் சேருகிறது. எண்ணெய்க்கு மேலே குறைந்த அழுத்தத்தில் வாயு நிற்கும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் உருவாக்கிய இந்த வடிவத்தை, பில்ஸ்டீன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காக உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் நுரைப்பதற்கு இதில் இடமில்லை. சூடும் ஒரே சுவர் வழியாக நேரடியாகக் காற்றுக்குப் போய்விடுகிறது. எனவே நீண்ட கரடுமுரடான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் தணிப்பு தளராது.

ஒற்றைக் குழாய்க்காரர்கள் அதிகம் பேசாத இரண்டு செய்திகள் உண்டு. பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உரசி ஓடுவதால், ஒரு கல் பட்டு அந்தச் சுவர் நசுங்கினால் ஷாக் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயோ வெளியே நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அடுத்தது, உள்ளே அடைத்த வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளுகிறது. 14 மி.மீ. தண்டின் குறுக்குப் பரப்பு சுமார் 154 சதுர மி.மீ.; 25 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 39 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளுவிசை. சிறிய காரில் நான்கு மூலைகளிலும் இது சேரும்போது கார் சற்றே உயர்ந்து நிற்பதையும், சிறு மேடுகளில் கொஞ்சம் விறைப்பு கூடுவதையும் ஓட்டுபவர் உணர்வார். தினசரி நகரப் பயணத்திற்குக் கேஒய்பி எக்ஸல்-ஜி போன்ற இரட்டைக் குழாயே பொருத்தமானது என்பது என் கணிப்பு. நிறைந்த சுமையோடும் வேகத்தோடும் நெடுந்தொலைவு ஓடும் காருக்குப் பில்ஸ்டீன் பி6 போன்ற ஒற்றைக் குழாய் தரும் உறுதி கொடுத்த காசுக்குத் தகும்.

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூல உயரத்திற்கு வடிவமைத்த ஷாக்கை 30 மி.மீ. தாழ்த்திய காரில் வைத்தால், தண்டு பயணிக்க வேண்டிய தூரத்தில் அந்த 30 மி.மீ. முன்பே செலவாகிவிடுகிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். பில்ஸ்டீன் பி6-க்கும் பி8-க்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பி8 தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கென்று உடல் குறுக்கப்பட்டது. விறைப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தேவைப்படும் தணிப்பு, ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ஸ்பிரிங் 30 விழுக்காடு விறைத்தால் தணிப்பு சுமார் 14 விழுக்காடு கூட வேண்டும், இரண்டு மடங்கானால் 41 விழுக்காடு.

திருகிச் சரிசெய்யும் வகை, பயன்படுத்துபவரின் பொறுமையைச் சோதிப்பது. கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில் ஷாக் விரியும்போது எழும் தணிப்பு மட்டுமே மாறும், அமுங்கும்போது எழுவது மாறாது; அதில் ‘கிளிக்’ கிடையாது, திருப்பங்களாகத்தான் எண்ண வேண்டும். சில மாதிரிகளில் காரிலிருந்து கழற்றி, தண்டை முழுதாக உள்ளே அழுத்திப் பிடித்துத்தான் திருப்ப முடியும் என்பதால், ஒருமுறை வைத்ததை மறுபடி தொட மனமே வராது. பில்ஸ்டீன் பி16-இல் ஒரே குமிழ் இரு திசைத் தணிப்பையும் 10 நிலைகளில் சேர்த்து மாற்றுகிறது. டெயின் ஃபிளெக்ஸ் இசட்டில் 16 நிலைகள். எண்ணிக்கை கூடுவதால் மட்டும் நன்மை கூடிவிடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு கிளிக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சாதாரண சாலையில் யாரும் உணர்வது அரிது.

பெரும்பாலான கிளிக் வகைகளில் குமிழை வலப்பக்கம் மென்மையாக முட்டும் வரை திருப்ப வேண்டும். அதுவே முழு விறைப்பு. அங்கிருந்து இடப்பக்கம் ஒவ்வொரு கிளிக்காக எண்ணி வர வேண்டும். முட்டிய பிறகும் விசை கொடுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசி வால்வு கெட்டுவிடும். மென்மையான நிலையில் தொடங்கி, நன்கு பழகிய ஒரே சாலையில், ஒரே டயர் அழுத்தத்தில் ஓட்டிப் பார்த்து, மேட்டைக் கடந்தபின் கார் இன்னொரு முறை எழும்பினால் விரிவுத் தணிப்பை இரண்டு கிளிக் கூட்டலாம். அளவுக்கு மீறிக் கூட்டினால், தொடர்ச்சியான சிறு மேடுகளில் ஒரு முறை அமுங்கிய ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் படிப்படியாகக் கீழே இறங்கி, பம்ப் ஸ்டாப்பின் மேல் ஓடத் தொடங்கும். ஓட்டுபவருக்கு அது ‘இன்னும் மென்மையாக இருக்கிறது, கூட்ட வேண்டும்’ என்று தோன்றுவதுதான் வேடிக்கை.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமர்ந்து, உயரத்தையும் மாற்றக்கூடிய காயில்ஓவரில், ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு மட்டும் நகர்வது ஒரு வகை, ஷாக்கின் அடிப்பிடியும் தனியே நகர்வது மற்றொரு வகை. பின்னதில் ஷாக்கின் பயண தூரத்தைக் குறைக்காமலேயே காரைத் தாழ்த்தலாம். தாழ்த்துவதே நோக்கமானால் அந்த வகைக்கு மட்டுமே பணம் கொடுப்பது சரி. ஸ்பிரிங் தட்டை ஏற்றினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கில் அப்படி நடப்பதில்லை, கார் உயர்வது மட்டுமே நடக்கிறது. மரைகளில் மண்ணும் உப்பும் ஏறி இறுகிவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் இடாதவருக்குக் காயில்ஓவர் ஏற்றதல்ல.

எதை வாங்கினாலும் பொருத்துவதில் செய்யும் பிழை எல்லாவற்றையும் சமமாக்கிவிடும். என் காருக்கு ஒருமுறை நல்ல ஒற்றைக் குழாய் ஷாக்குகளை வாங்கிக் கொடுத்தேன். பொருத்தியவர் மேல் நட்டை இம்பாக்ட் கன் என்ற விசைக்கருவியால் முடுக்கும்போது தண்டும் கூடவே சுழன்றிருக்கிறது. அதை நிறுத்தப் பளபளப்பான தண்டையே பிளையரால் கவ்விப் பிடித்திருக்கிறார். நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் அளவுக்கு இரண்டு பல் தடங்கள் விழுந்தன. அந்தத் தடம் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீலைக் கீறி, மூன்றாம் மாதமே உடலெல்லாம் எண்ணெய் வடிந்தது. தண்டின் தலையில் அறுகோணத் துளையோ தட்டை முகமோ இருப்பது, அதைப் பிடித்துக்கொண்டு கைக்கருவியால் நட்டை முடுக்குவதற்காகத்தான்.

புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுதியாக இறுக்குவது இன்னொரு பிழை. ரப்பர் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டு, சக்கரம் தரையில் ஊன்றியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, சக்கரத்தில் காரின் எடை அமர்ந்த பிறகே கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதைப் பலரும் அறிவார்கள். இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அழுத்தி, படுத்துக் கிடந்தபோது உள்குழாய்க்குள் புகுந்த வாயுவை வெளியேற்றிய பிறகே மாட்ட வேண்டும் என்பதை அவர்களில் பலர் அறிவதில்லை.

ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன், கீழ் போல்ட்டுகள் இரண்டும் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன என்று பெயின்டால் கோடு போட்டுக்கொண்டால், அலைன்மென்ட் நிலையம் வரை ஓட்டிச் செல்லும் அளவுக்குச் சாய்வுக் கோணம் பழைய இடத்திலேயே இருக்கும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. புதிய ஸ்பிரிங் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடி அது அமர்ந்த பிறகு மறுபடி அளந்து, உயரம் மாறியிருந்தால் அலைன்மென்ட்டை மறுபடியும் பார்த்துவிட வேண்டும்.