வாடிப்போன லெதர் கோரல்: தனி டேங்க்கா, டிப்பா, பிளேடா, இல்ல இருந்த எடத்துலயே விடறதா?

என் கடல் தண்ணி டேங்க்ல இருக்கற டோட்ஸ்டூல் லெதர், அதாவது காளான் குடை மாதிரி இருக்கற ஒரு மென்பவளம் (சாஃப்ட் கோரல்), பதினோரு நாளா தலைய விரிக்காமலே இருந்துச்சு. குடை மாதிரி இருந்தது சுருங்கிப்போய், மேல மெழுகு பூசுன மாதிரி ஒரு படலம், ஒரு ஓரத்துல விரல் நகம் அளவுக்கு கறுப்பு. இப்படி ஆச்சுன்னா நம்ம கையில நாலு வழி இருக்கு: தனி டேங்க்குக்கு மாத்தலாம், டிப் பண்ணலாம் (மருந்துத் தண்ணியில கொஞ்ச நேரம் முக்கறது), கெட்டத வெட்டி எடுக்கலாம், இல்ல இருக்கற எடத்துலயே வெச்சு தண்ணியையும் ஃப்ளோவையும் (தண்ணி ஓட்டத்தையும்) சரி பண்ணிட்டு பொறுமையா இருக்கலாம். நான் இந்த தடவ கடைசி வழிதான் போனேன், அதனால எழுதறது அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

படலம் வந்த உடனே பதற வேண்டாம். லெதர் வகையெல்லாம் அப்பப்ப தோல் உரிக்கும், ஒரு வாரம், சில சமயம் ரெண்டு வாரம் கூட மூடியே கெடக்கும், அது நோய் இல்ல. சதை கூழாகி, லேசா தண்ணி அடிச்சாலே பிஞ்சு வந்து, நாத்தமும் அடிச்சா அதுதான் அழுகல்.

தனி டேங்க் யோசனை மீன் வளர்த்து பழகினவங்களுக்கு முதல்ல வரும், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, முன்னாடி ஒரு ஃபிங்கர் லெதர (விரல் விரலா இருக்கற லெதர் வகை) அப்படி மாத்தித்தான் கோட்ட விட்டேன். பிரச்சனை மருந்துலயோ லைட்லயோ இல்லங்க, தண்ணியோட அளவுல. 20 லிட்டர் டேங்க்ல அரை லிட்டர் ஆவியாச்சுன்னா 35ல இருந்த சாலினிட்டி (உப்பளவு, லிட்டருக்கு இத்தனை கிராம்னு வெச்சுக்கோங்க) கிட்டத்தட்ட 36 ஆயிடும், ஏன்னா தண்ணி மட்டும்தான் போகும், உப்பு அங்கயேதான் இருக்கும். 200 லிட்டர்ல அதே அரை லிட்டர் போனா மீட்டர்ல தெரியக்கூட தெரியாது. காலையில ஒரு தடவ ராத்திரி ஒரு தடவன்னு ஆர்ஓ தண்ணி ஊத்திட்டே இருந்தேன், ஒருநாள் மறந்துட்டு மறுநாள் சேத்து மொத்தமா ஊத்திட்டேன், அடுத்த நாள் காலைல அது வெந்த நூடுல்ஸ் மாதிரி கல்லு மேல படுத்துக் கெடந்துச்சு. இதோட அழுகற கோரலே அமோனியா விடும், அத சாப்பிட அந்த சின்ன டேங்க்ல பாக்டீரியாவும் போதுமான அளவு இருக்காது. நோயாளிய கவனிக்கறத விட அந்த டேங்க்க கவனிக்கறதுதான் பெரிய வேலை. மெயின் டேங்க்லயே ஏதாவது விஷம் கலந்துருச்சு, இல்ல ஒரு மீன் அத விடாம கொத்திட்டே இருக்குன்னா வேற வழியில்ல, மாத்தித்தான் ஆகணும்.

டிப் பத்தி சுருக்கமா சொல்றேன், புதுசா வாங்குன கோரலுக்கு மட்டும்தான் நான் பண்ணிருக்கேன். பூச்சி, நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) மாதிரி ஏதாவது ஒட்டிட்டு இருந்தா அருமையான வேலை, ஆனா முட்டைய ஒண்ணும் பண்ணாது, அதையெல்லாம் கையால சுரண்டித்தான் எடுக்கணும். பூச்சியே இல்லாம சோர்ந்து கெடக்கற கோரல மருந்துல முக்கறது காய்ச்சல்காரன எழுப்பி ஓட விடற மாதிரி.

வெட்டறது கேக்க பயமா இருக்கும், ஆனா லெதர் அத நல்லாவே தாங்கும். ஒரு தடவ பண்ணேன், புது பிளேடு, டேங்க்குக்கு வெளிய, கெட்ட எடத்தத் தாண்டி நல்ல சதையிலயே ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி வெட்டு, அப்புறம் தனியா எடுத்து வெச்ச டேங்க் தண்ணியில அலசிட்டு உள்ள வெக்கறது, அலசுன தண்ணிய கொட்டிடணும். கல்லுல ஒட்டலாம்னா சூப்பர் க்ளூ அந்த வழவழப்புல நிக்கவே நிக்காது, சின்னக் கல்லோட சேத்து வலை போட்டு மூடி வெச்சா தானா புடிச்சுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கோங்க, அதுவும் பாலிதோவாங்கற பவள வகைய வெட்டறவங்க இத அலட்சியம் பண்ணவே கூடாது, அதுல பாலிடாக்சின்ங்கற கடுமையான விஷம் இருக்கு, அது ஒட்டுன கல்ல வெந்நீர்ல போட்டு சுத்தம் பண்ற வேலையே வேண்டாம்.

சரி, நான் பண்ணது. முதல் வேலையா கண்ணாடி மேல மார்க்கரால அந்தக் கறுப்ப சுத்தி கோடு போட்டேன், தினமும் அதே நாற்காலியில உக்காந்து பாக்கறது, ரெண்டு நாள்ல கோட்டத் தாண்டுனா வெட்டிடறதுன்னு முடிவு. தாண்டல. அடுத்து சாலினிட்டி. ஊசி வெச்ச ஹைட்ரோமீட்டர் (தண்ணியோட அடர்த்திய வெச்சு உப்பளவு காட்டறது) 1.025னு, அதாவது சரியாத்தான் இருக்குன்னு, காட்டிட்டே இருந்துச்சு, ஆனா அந்த ஊசியில ஒரு சின்ன குமிழி ஒட்டிட்டு அத மேல தூக்கிட்டு இருந்தத நான் பாக்கவே இல்ல. 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) திரவம் வெச்சு கேலிப்ரேட் பண்ண ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒளி வளையறத வெச்சு உப்பளக்கறது) பாத்தா 1.022, உப்பு கம்மி! ஸ்கிம்மர் (நுரையோட அழுக்க எடுக்கற மெஷின்) தண்ணியா தண்ணியா எடுத்துக் கொட்டிட்டு இருந்திருக்கு, அதுல உப்பும் சேந்து போகுது, ஆட்டோ டாப் ஆஃப் (கொறஞ்ச தண்ணிய தானா நிரப்பறது) அதுக்கு பதிலா நல்ல தண்ணிய ஊத்திட்டே இருக்கு, மாசக்கணக்கா நடந்திருக்கும். ஒரே நாள்ல ஏத்தல, டாப் ஆஃப்ல உப்புத் தண்ணி ஊத்தி ஆறு நாள் எடுத்துக்கிட்டேன், ஸ்கிம்மரையும் கொஞ்சம் இறுக்கி வெச்சேன்.

வேவ்மேக்கர (டேங்க்ல அலை உண்டாக்கற பம்ப்) லெதருக்கு நேரா வெக்காம பக்கத்துக் கண்ணாடியில பட்டுத் திரும்பி வர்ற மாதிரி திருப்பினேன். மூணாவது நாள் படலம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு பால் ஆடை மாதிரி ஆடிச்சு, கையால உரிக்கணும்னு கை பரபரன்னுச்சு, உரிக்கல. தண்ணியில இருக்கற கெமிக்கல உறிஞ்சற கார்பன் புதுசு போட்டேன், லெதர் வகை டெர்பீன்னு ஒரு கெமிக்கல் விடும், பக்கத்துல கல் பவளம் இருந்தா அதுங்களுக்கு ஆகாது. நைட்ரேட் (மீன் கழிவுல இருந்து வர்ற சத்து) பூஜ்யத்துல இருந்ததால மீனுக்கு சாப்பாடு கொஞ்சம் கூட்டுனேன், சாஃப்ட் கோரலுக்கு ரொம்ப சுத்தமான தண்ணியும் ஒத்துக்காது. இத்தனையும் ஒரே சமயத்துல பண்ணதால எது வேலை செஞ்சுதுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், என் சந்தேகம் சாலினிட்டி மேலதான்.

பத்தொம்பதாவது நாள் ஓரத்துல நாலஞ்சு பாலிப் (கோரலோட குட்டிப் பூ மாதிரி வாய்கள்) எட்டிப் பாத்துச்சு, அந்த வாரக் கடைசிக்குள்ள குடை முழுசா விரிஞ்சிருச்சு. கறுப்பு இருந்த எடம் தானா உதிந்து, எலி கடிச்ச மாதிரி ஒரு பள்ளம் மட்டும் இருக்கு, மார்க்கர் கோட்ட இன்னும் அழிக்கல.