நியாவோ தூ சிங் குருணை: டப்பாவைவிட உள்ளே இருக்கும் தாள் முக்கியம்

பெயரைப் பிரித்தால் நியாவோ சிறுநீர், தூ நஞ்சு, சிங் துப்புரவு. சிறுநீரகம் கெட்டுக் கழிவுகள் ரத்தத்தில் தேங்கும் நிலைதான் யுரீமியா. சீன மொழியில் அதன் பெயரே ‘நியாவோ தூ’ என்றுதான் தொடங்கும். ஆக, யுரீமியாவைக் கழுவும் மருந்து என்று டப்பாவின் முகப்பிலேயே எழுதியாகிவிட்டது. உள்ளே மடித்து வைத்த தாளிலோ, யுரீமியா முற்றிய நிலைக்கு இது ஏற்றதல்ல என்று ஒரு வரி இருக்கிறது. டயாலிசிஸைத் தவிர்க்க வேறு வழி தேடுகிறவர்கள் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த வரி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

சீன மருத்துவமனைகளின் சிறுநீரகப் பிரிவுகளில் அதிகம் எழுதிக் கொடுக்கப்படும் கூட்டு மூலிகை மருந்துகளில் இது ஒன்று. அந்நாட்டு தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலிலும் உண்டு. யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்று, நான்காம் கட்டத்தில் இருப்பவர், மலச்சிக்கல் உள்ளவர், சிறுநீர் நன்றாகப் பிரிகிறவர், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை விடாதவர். இவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், இது பயன்படக்கூடிய துணை மருந்து. டயாலிசிஸில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர், திடீரென்று சிறுநீரகம் செயலிழந்தவர், ஏற்கெனவே நாளுக்கு மூன்று முறை தண்ணீராகப் போகிறவர் ஆகியோர் வாங்க வேண்டாம்.

ஒரு பாக்கெட் 5 கிராம். பழுப்பு நிறக் குருணை, வெந்நீரில் கரைத்தால் இனிப்பும் கசப்புமாக இருக்கும். மொத்தம் 16 மூலிகைகள். தலைமைச் சரக்கு தா ஹுவாங், அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரேவல்சின்னியின் சீன உறவு. (அந்தப் பெயரில் உள்ள ‘சின்னி’யே சீனாதான்.) அதோடு ஹுவாங் சீ, தான் ஷென், தாங் ஷென், ஹ ஷோ வூ, முசுக்கொட்டை வேர்ப்பட்டை, சாமந்தி, அதிமதுரம் முதலியவை.

வேலை செய்யும் விதத்தில் மந்திரம் எதுவும் இல்லை. சிறுநீரகம் சுணங்கும்போது யூரியா குடலுக்குள் கசிகிறது. குடல் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைக்கும்போது உருவாகும் கழிவுகளும் ரத்தத்தில் ஏறுகின்றன. மலம் குடலில் தங்கும் நேரம் குறைந்தால் இந்தச் சுமையும் ஓரளவு குறையும். ரேவல்சின்னியில் இருப்பது நிலாவாரையில் உள்ள அதே வகை மலமிளக்கிப் பொருள். ஆகவே இந்த மருந்தின் பெரும்பங்கு, அளந்து செய்யும் பேதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். காலை 6 மணிக்கு ஒன்று, பகல் 12-க்கு ஒன்று, மாலை 6-க்கு ஒன்று, இரவு 10-க்கு இரண்டு. நாளுக்கு ஐந்து பாக்கெட், 25 கிராம். உச்ச அளவு எட்டு. நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு வேளைக்கு நடுவே 8 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ‘காலையும் இரவும் போதும்’ என்று சுருக்கினால் அது வேறு மருந்தாகிவிடும். தண்ணீர்க் கணக்கையும் மறக்கக் கூடாது: வேளைக்கு 100 மில்லி என்றாலே நாளுக்கு 400 மில்லி. நீர் அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இதையும் அந்த அளவுக்குள்ளேயே அடக்க வேண்டும்.

சரியான அளவு எது என்பதற்கு அளவுகோல் கழிப்பறையில் இருக்கிறது. மலம் அரைக்கூழ் பதத்தில், நாளுக்கு இரண்டு முறை. அதற்கு மேல் போனாலோ தண்ணீராகப் போனாலோ ஒரு பாக்கெட் குறைக்க வேண்டும். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள். பேதியால் உடலில் நீர் வற்றுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு) ரத்தத்தில் ஏறுகிறது. ‘மருந்து போதவில்லை’ என்று நோயாளி ஒரு பாக்கெட் கூட்டுகிறார். பேதி அதிகமாகிறது. கிரியேட்டினின் இன்னும் ஏறுகிறது. கூடவே நீர் பிரிக்கும் மாத்திரையோ, டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் சில நாட்களிலேயே மருத்துவமனையில் சேர வேண்டிவரும். பேதி பிடித்த நாளில் குருணையை நிறுத்திவிட்டு, அந்த மாத்திரைகளை என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பொட்டாசியம் இரண்டு பக்கமும் சாயும். 24 மணி நேரச் சிறுநீர் 1500 மில்லிக்குக் குறைந்தவர்கள் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று தாளே சொல்கிறது. மூலிகைச் சாறுகளில் பொட்டாசியம் இருக்கும், வெளியேற வழி குறைவு என்பதுதான் காரணம். மறுபுறம் பேதியும் அதிமதுரமும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் கீழே இறங்கும். அதிமதுரம் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றவும் கூடும். தொடங்கும் முன் ஒரு முறையும், இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் பொட்டாசியம் பார்க்காமல் இதை ஆரம்பிப்பது சரியல்ல.

கல்லீரலும் கவனிக்க வேண்டியது. ஹ ஷோ வூ கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று சீன அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. நான்காவது வாரத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. கண் மஞ்சளித்தால் அன்றே நிறுத்த வேண்டும். தான் ஷென் இருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் நேரம் நீளலாம். குடலில் நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூள் வகை மருந்துகளோடும் சேர்க்கக் கூடாது. அவை இந்தக் குருணையின் சத்தையும் உறிஞ்சிவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. இதில் இரண்டு வகை உண்டு, சர்க்கரை சேர்த்தது, சேர்க்காதது. டப்பாக்கள் ஒன்றுபோல இருக்கும். ‘வூ தாங்’ (சர்க்கரை சேர்க்காதது) வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

சான்று என்ன? 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று. 22 மருத்துவமனைகள், 300 நோயாளிகள், 24 வாரம், போலிக் குருணையோடு ஒப்பீடு. கிரியேட்டினின் உயர்வின் இடைநிலை மதிப்பு மருந்து சாப்பிட்டவர்களிடம் லிட்டருக்கு 1.1 மைக்ரோமோல், போலி சாப்பிட்டவர்களிடம் 11.7. கேட்கப் பத்து மடங்கு போலத் தெரியும். நம் ஆய்வகங்கள் தரும் மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 88.4-ஆல் வகுத்தால், வித்தியாசம் 0.12. இன்று காலை ஒரு ஆய்வகத்திலும் நாளை வேறொரு ஆய்வகத்திலும் பார்த்தாலே அந்த அளவு ஏறி இறங்கும். பலன் இல்லை என்பதல்ல, சிறியது. ஆறு மாதத்தில் அது டயாலிசிஸைத் தள்ளிப்போட்டதா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. பக்கத்தில், சிறுநீரக நோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையை வைத்துப் பாருங்கள்: 2020-இல் வந்த ஆய்வில் 4304 பேர், சிறுநீரகச் செயல் பாதியாகக் குறைதல், டயாலிசிஸ், சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினார்கள், ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. இரண்டும் ஒரே தட்டில் வைக்கும் பொருள்கள் அல்ல. குருணைக்குச் செலவு செய்வதற்காக அந்த மாத்திரையை நிறுத்துவது நஷ்ட வியாபாரம்.

ரத்தசோகை, பாஸ்பரஸ் ஆகியவற்றிலும் ‘ஓரளவு’ பலன் என்று தாளில் வருகிறது. அந்த ‘ஓரளவு’ இரும்புச்சத்து ஊசிக்கும் பாஸ்பரஸ் மாத்திரைக்கும் மாற்றாகாது.

உணவுப் பகுதியில் கொழுப்பு இறைச்சி, ஈரல் வகைகள், பருப்பு, கொட்டைகள் ஆகியவற்றை ஒதுக்கச் சொல்கிறார்கள். இறைச்சி தினமும் உண்ணும் சமையலை மனதில் வைத்து எழுதியது. சைவ வீட்டில் பருப்பையும் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமுமாக மூன்று மாதம் ஓட்டினால் தசை கரையும். தசை கரைந்தால் கிரியேட்டினினும் குறையும்! அதை மருந்தின் வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. எடையும் ரத்தப் புரதமான ஆல்புமினும் கூடவே குறைகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதே அலமாரியில் ‘கிட்னி’ என்று போட்டு நிற்கும் மற்ற டப்பாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீன மருத்துவத்தின் ‘ஷென்’ நாம் சொல்லும் சிறுநீரகம் அல்ல. எலும்பு, முடி, காது, ஆண்மை, மூப்பு எல்லாம் அதற்குள் வரும். ‘ஷென்னுக்கு வலு’ என்ற மருந்து இடுப்பு வலிக்கும் தளர்ச்சிக்கும் உரியது, கிரியேட்டினினுக்கு அல்ல. லியூ வெய் தி ஹுவாங் வான் என்ற புகழ்பெற்ற ஆறு சரக்கு உருண்டை, சீனாவின் சோங் அரச வம்சக் காலத்தில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவுக்காக எழுதப்பட்டது. அதன் பெரிய உருண்டைகள் தேனில் பிசைந்தவை, சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும். சின் குவெய் ஷென் சீ வானில் நாபிக் கிழங்கு வகை உண்டு. சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் இதயத் துடிப்பைத் தடம் புரளச் செய்யும்.

எல்லாவற்றிலும் மோசமானது, சில மூலிகைகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைப்புக்காகச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒற்றுமையால் ஃபாங் சி என்ற ஒரு சரக்குக்குப் பதில் இந்த அமிலம் உள்ள இன்னொன்று கலந்ததே காரணம். பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இதே அமிலம் உள்ள குவான் மு தோங் என்ற சரக்கைச் சீனா 2003-இல் விலக்கியது. பழைய சரக்கிலும் இணையத்தில் உதிரியாக விற்கும் பொட்டலத்திலும் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே குடும்பம், இதே அமிலம் கொண்டவை. சீனக் குருணையோடு இவற்றின் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பொடியைத்தான்.

வாங்கும்போது டப்பாவில் சீன அரசின் அனுமதி எண்ணைத் தேடுங்கள். முறையான சீனக் கூட்டு மருந்தானால் இசட் எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும் இருக்கும். நீலத் தொப்பி முத்திரை இருந்தால் அது சத்துப்பொருள், மருந்து அல்ல. பாக்கெட்டைப் பிரிக்கும்போது குருணை கட்டிதட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் ஏறிவிட்டது, கடையில் திருப்பிக் கொடுங்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும், அதே ஆய்வகத்தில் பார்த்த கிரியேட்டினின் முன்பு ஏறிய வேகத்திலேயே ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.