டாக்டர் சின்டாக்ஸ் படங்கள்: எந்தப் பிரதி தேறும்?

'டாக்டர் சின்டாக்ஸ்' என்ற பாதிரியாரின் பயணத்தைக் கேலியாகச் சொல்லும் ஆங்கிலக் கவிதைப் புத்தகத்துக்கு ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த படம் என்று விலைக்கு வருபவை நான்கு ரகம்: அக்காலத்திலேயே வண்ணம் தீட்டிய பழைய அச்சு, பின்னாளில் வண்ணம் ஏற்றிய பழைய அச்சு, விக்டோரியா கால மறுபதிப்பு, இன்றைய ஆஃப்செட் நகல். எதன் அடியிலும் 1812 என்ற ஆண்டும் புத்தகத்தை வெளியிட்ட லண்டன் ஆக்கர்மன் கடை முகவரியும் இருக்கலாம். ஆகவே ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கைக்கண்ணாடி வில்லை) போதும். அசலில் ரோலண்ட்சனின் கோடுகள் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்தவை. வானம், நிழல் எல்லாம் அக்குவாட்டின்ட். தகட்டில் பிசின் பொடியோ கரைசலோ படியவைத்து, இடைவெளியை அமிலம் தின்ன விடுவது. லூப்பில் ஒழுங்கற்ற நுண்வலை தெரியும். வரிசை பிசகாத நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன நகல். சட்டமிட்டு மாட்ட மட்டும் வாங்கலாம். விக்டோரியா கால மறுபதிப்பு கவிதையோடு படங்களைப் புரட்டிப் படிக்க நல்லது. அச்சுக்கலைக்காக வாங்க அதில் ஒன்றுமில்லை.

சிக்கல் முதல் இரண்டில்தான். அக்குவாட்டின்ட் பள்ளம் ஆழமற்றது. சில நூறு தாள்கள் அடித்ததும் தேயும். கோடு தாங்கும், நிழல் வெளுக்கும். புத்தகம் அடுத்தடுத்து பதிப்புகள் கண்டதால் தேய்ந்த தாள்கள் ஏராளம். வெறிச்சோடிய வானத்தைக் கெட்டி நீலம் பூசி மறைப்பார்கள். பின்னாளில் பூசிய வண்ணம் தாள் பழசாகி விழுந்த பழுப்புப் புள்ளிகளின் மேலும் மடிப்பு வெடிப்பினுள்ளும் இறங்கியிருக்கும். அக்கால வண்ணமோ மெல்லிய நீர்க்கழுவல்; தூரிகை நின்ற ஓரத்தில் கறுத்த விளிம்பு, வரைகோட்டைத் தாண்டிய கசிவு. மாதிரிப் படத்தைப் பார்த்துப் பலர் தீட்டியதால் ஒரே படத்தின் இரு தாள்களில் உடையின் நிறமே மாறலாம், அது குறையல்ல. இலைப்பச்சை நீலமாகத் திரிந்திருந்தால் பயப்பட வேண்டாம்: பிரஷ்யன் நீலத்தோடு கலந்த மஞ்சளான கேம்போஜ் வெளிச்சத்தில் வெளுக்கும். பளிச்சென்ற தாளைவிட மங்கலான தாளையே நான் எடுப்பேன்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாட்டர்மார்க்கில் 1812க்குப் பிந்தைய ஆண்டு தெரிந்தால் அது பிந்தைய அச்சு. தகட்டின் அழுத்தத் தடம் இல்லாததை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள், கட்டும்போது ஓரம் வெட்டுண்டிருக்கலாம்.

தனித்தாளா, முழுப் புத்தகமா? ரோலண்ட்சன் முதலில் படம் வரைந்து அனுப்ப, கடன் சிறைக் கைதியான வில்லியம் கூம் அதற்குத்தான் பாட்டு எழுதினார். எனவே தனித்தாள் கவிதையின்றியும் நிற்கும். இடிந்த கோட்டையை வரைந்துகொண்டே தண்ணீரில் குப்புறாமல் மல்லாக்க விழும் பாதிரியார் படத்துக்கு விளக்கமே வேண்டாம். இயற்கை அழகைத் தேடி அலையும், எழுத்தாளர் வில்லியம் கில்பின் பாணி மோகத்தின் மீதான குத்தல் அதிலேயே தெரியும். வண்ணத்துக்கென்றால் புத்தகமே மேல்: மூடிக் கிடந்த பக்கத்தில் வெயில் படவில்லை. அதற்காகப் பக்கங்களைப் பிரித்துச் சட்டமிட வேண்டாம். தனித்தாளை மாட்டுவதானால் அமிலமற்ற அட்டை, புற ஊதா தடுக்கும் கண்ணாடி, 50 லக்ஸுக்கு மிகாத வெளிச்சம்.