எழுதி ஆற்றுவதா, சிகிச்சைக்குப் போவதா?

பழைய காயம் மனத்தை அரிக்கும்போது எளிதில் கைக்கு எட்டுவது பேனாதான். 1986-இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் கசப்பான நிகழ்வைப் பற்றி எழுதவைத்தார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்ததே தவிர லேசாகவில்லை. ஆனால் நடந்ததையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. செலவில்லை, எழுதியதைக் கிழித்தும் போடலாம். நினைவு பெருக்கெடுத்தால் தாங்கிப்பிடிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய இ.எம்.டி.ஆர். (EMDR) என்னும் கண்ணசைவுச் சிகிச்சையில் அந்த ஆள், அதாவது சிகிச்சையாளர், எதிரிலேயே இருக்கிறார். நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமும் நகரும் அவர் விரலைக் கண்களால் தொடர வேண்டும். விரல் நிற்கும். “இப்போது என்ன தோன்றுகிறது?” என்பார். வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண்ணையும் கேட்பார். கேட்க விசித்திரம்தான், கண்ணசைவுக்கு இதில் உண்மையிலேயே பங்குண்டா என்ற சர்ச்சையும் ஓயவில்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது. நடந்ததை விலாவாரியாக வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை என்பது பலருக்குப் பெரிய நிம்மதி.

தூக்கம் கெட்டு, பட்டப்பகலிலும் அந்தக் காட்சியே கண்முன் வந்து நின்றால் தயங்காமல் சிகிச்சைக்குப் போகச் சொல்வேன். அன்றாட வேலைகள் தடையின்றி நடக்க, யாரிடமும் சொல்லாத துக்கம் மட்டும் உறுத்தினால் நோட்டுப் புத்தகம் போதும். எழுத எழுத ஒரே இடத்தையே சுற்றிவந்தால் அதை மூடிவைத்துவிடுங்கள்.